பதினேழாம் பக்கத்துப் பிழை

மரியபுஷ்பம் அம்மையார் இறந்த செய்தி எனக்கு ஒரே நாளில் இரண்டு முறை வந்தது.

முதல் முறை அவருடைய மகள் செல்வராணி தொலைபேசியில் சொன்னார். நான் அருப்புக்கோட்டையில் பல் மருத்துவரின் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா காலைல போயிட்டாக சார். திருச்சுழிக்குத்தான் கொண்டு போறோம். நாலு மணிக்கு எடுக்குறோம். உங்ககிட்ட சொல்லணுமா வேணாமான்னு யோசிச்சேன். சரி, சொல்லிருவோம்னு தோணுச்சு" என்றார். அந்த யோசனைக்கு நான் தகுதியானவன்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் முறை, மதியம் சாப்பிடும் நேரத்துக்கு, எங்கள் ஊர்த் தபால்தலைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிச் சுவரொட்டிப் படமாக வந்தது. ஊதா நிறப் பின்னணி, இரண்டு மெழுகுவர்த்தி, பறக்கும் புறாக்கள். "தபால்தலை உலகின் தாய், எங்கள் சங்கத்தின் தூண்" என்று கொட்டை எழுத்து. கீழே அவருடைய பெயரை 'மரியபுஷ்பா' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் அலங்காரத்துக்காக ஒரு தபால்தலைப் படம். ஏதோ ஒரு வெளிநாட்டு ராணியின் தலை. நாற்பது வருடங்கள் ஒரே ஒரு இந்தியத் தபால்தலை வரிசையைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு பெண்ணுக்கு இது. அதற்கும் கீழே, தூண் விழுந்த துக்கத்தைத் தெரிவித்த சங்கத் தலைவரின் படம், இறந்தவரின் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அரை மணி நேரத்தில் தலைவரே அழைத்தார். "ஞாயித்துக்கிழமை காலைல நினைவஞ்சலிக் கூட்டம் வச்சிருக்கோம். நீங்க பழைய செயலாளரு, அவுக கூட வேலை பாத்தவரு. அஞ்சு நிமிசம் பேசணும். சனங்க கண்ணு கலங்குற மாதிரி இருக்கட்டும்" என்றார். வரவில்லை என்றேன். "ஏன், ஒடம்புக்கு முடியலையா?" என்றார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தத் தலைவரின் பெயரை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதப்போவதில்லை. தன் பெயரை அச்சில் பார்ப்பதில் அவருக்குள்ள ஆசை எனக்குத் தெரியும். அதற்கு ஏற்கனவே நிறையப் பரிமாறியிருக்கிறேன்.

மரியபுஷ்பம் அம்மையாரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் பலருக்கு அவரைச் சரியாகத் தெரியாது. 'ஸ்டாம்பு பைத்தியம்' என்று நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

மரியபுஷ்பம் திருச்சுழிக்காரர். அப்பா, கிறித்தவ சபை நடத்திய பள்ளியில் கணக்கு வாத்தியார். தபால் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, நரிக்குடி, வீரசோழன், பாலவனத்தம் என்று சுற்றி, உதவி போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். நானும் அவரும் ஏறக்குறைய ஒரே வயது. பதினோரு வருடம் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'மேடம்' என்பேன். கடைசிவரை அதற்கு மேல் நாங்கள் நெருங்கவில்லை.

எல்லாம் தொடங்கியது ஒரு பென்ஷன் தகராறில். நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, தன் தகப்பனார் பட்டாளத்தில் இருந்ததற்கு ஆதாரமாகப் பழைய கடிதங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்ப வேண்டிய வேலை. மேடம் ஒவ்வொரு உறையாகப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இரண்டு உறைகளை எடுத்து அருகருகே வைத்தார். இரண்டிலும் ஒரே ஓரணாத் தபால்தலை, ஒரே பசுநீல நிறம், உட்கார்ந்திருக்கும் அதே போதிசத்துவர். ஒன்றில் இடது கையை நீட்டியிருந்தார். மற்றொன்றில் வலது கையை.

"இங்க பாருங்க சார். ஒரே ஆளு. எப்படி ரெண்டு கையும் நீளும்?"

நான் பார்க்கவில்லை. வரிசையில் ஆட்கள் நின்றார்கள். ஆய்வுக்கு வந்திருந்த மேலதிகாரியிடம் அவர் கேட்டார். "ஸ்டாம்புல எந்தக் கை நீண்டா உனக்கென்னம்மா. பசை ஒட்டுதா பாரு, போதும்" என்றார் அவர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

அந்த இரண்டு கைக்கும் காரணம் புத்தகம் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம்தான். நாடு விடுதலையான இரண்டாம் வருடம், சுதந்திர தினத்தன்று வெளியான வரிசை அது. அதுவரை அன்றாடம் ஒட்டும் தபால்தலை என்றால் ராஜாவின் தலை. முதல் முறையாக அந்தத் தலையை எடுத்துவிட்டு, நாட்டின் சிற்பங்களையும் கோயில்களையும் கோட்டைகளையும் போட்டார்கள். மூன்று தம்பிடிக்கு அஜந்தா யானை, ஆறு தம்பிடிக்குக் கோனார்க் குதிரை, இரண்டணாவுக்கு நடராசர், கடைசியாகப் பதினைந்து ரூபாய்க்கு ஒரு சமணக் கோயில். மொத்தம் பதினாறு. சின்ன மதிப்புகளை மேடான உலோகத் தகட்டில் மை தடவி ஒரே நிறத்தில் அடித்தார்கள். ரூபாய் மதிப்புகளைக் கல்லச்சு வழியில் இரண்டு நிறத்தில். இவற்றில் ஓரணாவுக்கான போதிசத்துவரின் படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகிவிட்டது. மறு வருடம் திருத்தி, சரியான கையோடு வெளியிட்டார்கள்.

மேடத்துக்கு இது போதவில்லை. "படத்தை எடுத்தவன் தப்பா எடுக்கல, கல்லுல செதுக்குனவன் தப்பாச் செதுக்கல. நடுவுல ஒருத்தன் திருப்பி வச்சிருக்கான். பெறகு ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்கான். எனக்கு அந்த ரெண்டாவது ஆளைத்தான் தெரியணும்" என்றார்.

அந்த ஆளைத் தேடிப் போகும் வழி அவருக்கு அமைந்தது இப்படி. ஒரு தாளில் பல தபால்தலைகள் சேர்ந்து அச்சாகும். ஒவ்வொரு தலையும் தகட்டில் தனக்கென்று ஓர் இடத்தில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கீறலோ புள்ளியோ இருந்தால், அந்தத் தகட்டில் அடித்த ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அது விழும். ஆகவே உறைகளில் சிதறிக் கிடக்கும் தலைகளைச் சேர்த்து, புள்ளியையும் கீறலையும் அடையாளம் வைத்து, அறுந்துபோன தாளைத் திரும்ப ஒட்டிவிடலாம். முத்திரையில் இருக்கும் தேதியை வைத்து எந்தத் தாள் முன்னால் அடித்தது, எது பின்னால் என்றும் சொல்லிவிடலாம். உலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். திருச்சுழியில் ஒருவர் இருந்தார். மேடம் மளிகைக்கடை எடைத்தட்டு ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, அதில் தபால்தலையைக் கவிழ்த்துப் போட்டுப் பெட்ரோல் விட்டு, தாளுக்குள் இருக்கும் நட்சத்திர நீர்க்குறியைப் பார்ப்பார். கண் மருத்துவர் தூக்கிப்போட்ட ஒரு லென்ஸ்தான் அவருடைய பூதக்கண்ணாடி.

ஒருமுறை அலுவலகத்தில் யாரோ அந்த வரிசையைப் பார்த்து "ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றார்கள். "அழகா இருக்குன்னு சொல்றவன் ஒண்ணையும் பாக்கலன்னு அர்த்தம். என்ன இருக்குன்னு சொல்லு" என்றார். அதிலிருந்து யாரும் அவரிடம் பேச்சுக்கொடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் தபால்தலைச் சங்கம் உருவானது. தலைவர் நூல் வியாபாரி. கார் வைத்திருந்தார், அதனால் தலைவர் ஆனார். நான் செயலாளர் ஆனேன், ஏனென்றால் எனக்குத் தட்டச்சுத் தெரியும். எங்கள் சங்கத்தின் செயல்பாடு என்று சொல்லத்தக்கது இதுதான்: மாதம் ஒருமுறை கூடி, புதிதாக வெளியான தபால்தலைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒருவருக்கொருவர் காட்டி, போண்டா சாப்பிட்டுக் கலைவோம். அதற்கு ஒரு தீர்மானப் புத்தகம் வேறு இருந்தது. தலைவரிடம் ஆல்பங்கள் நிறைய இருந்தன. ஒன்றைக்கூட அவர் திறந்து நான் பார்த்ததில்லை. மேடையில் அடுக்கிவைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்.

மேடம் பல வருடம் வேலை செய்து, ஓரணாத் தபால்தலையின் கதையைக் கையெழுத்தில் சுத்தமாக எழுதி ஒரு நோட்டை என்னிடம் கொடுத்தார். எப்படி வடிவமைத்தார்கள், எப்படித் தகடு செய்தார்கள், எந்தத் தாள், எந்தக் குறை எந்த வரிசையில் என்று எல்லாம் அதில் இருந்தது. "சங்கத்து இதழ்ல போடுறதா இருந்தா டைப் பண்ணுங்க. அவசரமில்ல" என்றார். நான் தட்டச்சு செய்தேன். தலைவர் பார்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன்.

அடுத்த மாதம் வீரசோழனில் எங்களோடு வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்யாணம். பஸ்ஸில் மேடமும் நானும் சேர்ந்து போக நேர்ந்தது. சாப்பாடு முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்றேன். "நீங்க போங்க. நான் காதர் பாய் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நானும் போனேன்.

காதர் பாயின் தகப்பனார் சென்னையில் ஒரு தோல் மண்டியில் இருந்தவர். வாரத்துக்கு ஒரு கடிதம் வீட்டுக்கு எழுதுவாராம். எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மேடம் நான்கு முறை வந்து கேட்டும் பாய் பெட்டியைத் திறக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இது எங்கத்தா எங்கம்மாவுக்கு எழுதுனதும்மா. வெளிய ஒரு ஆளுக்கு எப்படிக் காட்டுறது?"

"நான் கடுதாசியைப் பாக்க மாட்டேன் பாய். உறை மட்டும்தான். கடுதாசியை நீங்களே உருவி வச்சுக்கங்க."

"ஸ்டாம்பைத்தானே கேக்குறீக. கிழிச்சுத் தந்துருறேன், எடுத்துட்டுப் போங்க."

"கிழிக்காதீக. கிழிச்சா முத்திரை போயிரும், முத்திரை போனாத் தேதி போயிரும். எனக்கு ஸ்டாம்பு வேணாம். பாத்தாப் போதும்."

அன்றைக்கு என்ன தோன்றியதோ, பாய் பெட்டியைத் திறந்தார். தரையில் கோரைப்பாய் ஒன்றை விரித்து, ஒவ்வொரு உறையிலிருந்தும் கடிதத்தை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெறும் உறையை நீட்டினார். மேடம் லென்ஸில் பார்த்துவிட்டு அதே வரிசையில் திருப்பிக் கொடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் மேடத்தின் கை நின்றது.

"சார், என் நோட்டை யாருக்கும் குடுத்துட்டீகளா?"

"ஏன்?"

"பதினேழாம் பக்கம் தப்பு."

பஸ்ஸில் விளக்கினார். அந்த ஓரணாத் தலைகளில், பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியோடு வரும் ஒன்றில், படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் கீழ்க்கோடு முறிந்திருக்கும். அதே புள்ளியோடு, அதாவது தகட்டின் அதே இடத்திலிருந்து வந்த, கோடு முறியாத தலைகளும் உண்டு. தகடு புதிதாக இருந்தபோது கோடு முழுதாக இருந்தது, அடிக்க அடிக்கத் தேய்ந்து முறிந்தது, யாரும் கவனிக்காமல் அப்படியே அடித்துத் தள்ளினார்கள் என்று மேடம் பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தார். 'பொறுப்பற்ற வேலை' என்ற சொல்லையும் போட்டிருந்தார். பாயின் பெட்டியில் கிடைத்த உறையிலோ, கோடு முறிந்த தலைமேல் விழுந்திருந்த முத்திரை அவர் பார்த்த எல்லாவற்றுக்கும் முந்தியது. அப்படியானால் முறிந்ததுதான் முதலில். முறியாதது பிறகு.

"யாரோ ஒருத்தன் தகட்டைப் பாத்திருக்கான் சார். ஒரு முடி அளவு முறிவு. இவ்வளவு தாள் ஓடும்போது அதைக் கண்டுபிடிச்சு, நிறுத்தி, சரி பண்ணிருக்கான். நான் அவனைப் பொறுப்பில்லாதவன்னு எழுதிவச்சிருக்கேன்." பஸ் சீட்டின் பின்பக்கத்தில் அந்த முத்திரைத் தேதியைக் குறித்துக்கொண்டார். "அவன் செத்தே போயிருப்பான். அதுக்காக அப்படியே விட முடியாதுல்ல. மாத்தி எழுதித் தாரேன். பழசை அச்சுக்குக் குடுத்துராதீக."

மறுநாள் தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அச்சகத்துக்குப் போய்விட்டது என்றார். இதழுக்காகவா என்று கேட்டேன். இல்லை, தனிப் புத்தகம் என்றார். அட்டைப்படம் காட்டினார். போதிசத்துவர் கை நீட்டிக்கொண்டிருந்தார், அவருக்குக் கீழே தலைவரின் பெயர் இருந்தது.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை அந்த ஊதா நிறச் சுவரொட்டியைவிடக் கேவலமானது. நான் ஒன்றும் செய்யவில்லை. "மேடம் பேரு?" என்று மட்டும் கேட்டேன். "நன்றியில போட்டுருவோம். நீங்களே ஒரு பட்டியல் டைப் பண்ணிக் குடுத்துருங்க" என்றார். டைப் பண்ணிக் கொடுத்தேன். ஒன்பதாவதாக அவர் பெயர் வந்தது, மைக் செட் கொடுத்தவருக்கு அடுத்ததாக. அவசரத்தில் 'மரியபுஷ்பா' என்று அடித்ததும் நான்தான். அந்தப் பிழைதான் இன்றைக்குச் சுவரொட்டிவரை வந்து சேர்ந்திருக்கிறது. புத்தகத்தின் உள்ளே, 'பதிப்பாசிரியர்' என்று என் பெயர் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எனக்கு எதையும் தரவில்லை. ஒரு மனிதன் இவ்வளவு மலிவாகக் கிடைப்பான் என்று எனக்கே அப்போது தெரியாது.

வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு. மதுரையிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மேடையில் நானும் உட்கார்ந்திருந்தேன், புதுச் சட்டையோடு. தலைவர் தன்னுடைய பல வருட உழைப்பைப் பற்றிப் பேசினார். தாளைத் தகடு என்றும் தகட்டைத் தாள் என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார். கைதட்டினார்கள். நடராசர் எத்தனை அணா என்று அந்த மண்டபத்தில் கேட்டிருந்தால் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. ஆனாலும் முகங்களில் எவ்வளவு ஞானம். விருந்தினர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மேடம் திருச்சுழி பஸ்ஸில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு பிரதியை வாங்கி மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததை மேடையிலிருந்து பார்த்தேன். அட்டையை அவர் பார்த்திருப்பார். முதல் பக்கத்தையும் பார்த்திருப்பார். அவருடைய நோட்டைப் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே அச்சடித்திருந்தார்கள். அவர் எழுந்தது பதினேழாம் பக்கத்துக்கு வந்தபோது.

"ஒரு நிமிசம்" என்றார். குரல் கவுண்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடும் குரல்தான். "பதினேழாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. கோடு முறிஞ்சது பின்னாடி அடிச்சதுன்னு போட்டிருக்கு. அது சரியில்ல. முறிஞ்சதுதான் முன்னாடி. பெறகு சரி பண்ணிருக்காக. பொறுப்பற்ற வேலைன்னு இருக்குறதை அடிச்சிருங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தலைவர் மைக்கில் சிரித்தார். "அம்மா, ஆராய்ச்சியில கருத்து வேறுபாடு இருக்கத்தான் செய்யும்."

"இது கருத்து இல்ல. தப்பு. என் தப்பு. நான் எழுதுனது. நான்தான் திருத்தணும்."

தன் புத்தகத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. அட்டையில் இருக்கும் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் அவர் தன்னுடையது என்று உரிமை கேட்டது அந்த ஒரு பிழையை மட்டும்தான். அந்தப் பிழை அவருடையது என்றால் புத்தகம் யாருடையது என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். மண்டபத்தில் குழந்தைகள் இல்லை. படித்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

தலைவர் என் பக்கம் குனிந்து, "பொன்னாடை இன்னொண்ணு இருக்கா?" என்றார். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "நம்ம சங்கத்தின் மூத்த உறுப்பினர் அம்மா அவர்களுக்குப் பொன்னாடை" என்று அறிவித்துவிட்டு இறங்கிப்போய்ப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் மைக் அடுத்தவருக்குப் போய்விட்டது. வாயை அடைக்கத் துணியை இவ்வளவு மரியாதையாகப் பயன்படுத்துகிறவர்கள் நம்மைப்போல் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். மேடம் பொன்னாடையை எடுத்து நான்காக மடித்தார், நாற்காலியில் வைத்தார், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது மேடையைப் பார்த்தார். தலைவரை அல்ல, என்னை. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கவுண்டரில் முகவரி இல்லாத உறையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சங்கத்தின் சுவரொட்டியில் இப்போது இருப்பது அன்று பொன்னாடையோடு எடுத்த அந்தப் படம்தான். அதைத் தவிர அவருடைய படம் எதுவும் அவர்களிடம் இல்லை.

நான்கைந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை திருச்சுழிக்குப் போனேன். அவர் சமையலறைப் பலகையில் தபால்தலைகளைப் பரப்பி வைத்திருந்தார். நான் ஏதேதோ பேசினேன். அவர் தலை நிமிரவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீகளா, தப்பைத் திருத்த வந்தீகளா?"

நான் கையிலிருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தேன்.

"மன்னிப்புன்னா வேணாம், எனக்கு வேலை கெடக்கு. திருத்துறதுன்னா உக்காருங்க."

உட்கார்ந்தேன். பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை அச்சடித்து, புத்தகம் வாங்கிய எல்லோருக்கும் அனுப்பலாம் என்றேன். எழுதச் சொன்னார். அவருடைய பலகையிலேயே ஒரு தாளை வைத்து, 'இந்நூலின் பதினேழாம் பக்கத்தில் எதிர்பாராத விதமாக நேர்ந்துவிட்ட பிழைக்கு வருந்துகிறோம்' என்று தொடங்கி, சரியான செய்தியை எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து 'எதிர்பாராத விதமாக நேர்ந்துவிட்ட' என்பதை அடித்தார். மேலே 'செய்த' என்று எழுதினார். 'பிழைக்கு வருந்துகிறோம்' என்பதை அடித்துவிட்டு 'பிழையைத் திருத்துகிறேன்' என்று எழுதினார். கீழே, 'பிழை செய்தவர்: ம. மரியபுஷ்பம், திருச்சுழி' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"தப்பு தானா நடக்காது சார். ஒரு ஆளு செய்யணும். ஆளு பேரு இல்லாத தப்பை யாரும் திருத்த முடியாது."

அந்த ஒரு வரியை அச்சடித்தால் மொத்தக் கதையும் வெளியே வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. சரி என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். அச்சடிக்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் பார்த்தபோது, "சீட்டு அச்சாயிருச்சா?" என்று கேட்டார். அச்சகத்தில் கொஞ்சம் தாமதம் என்றேன். "சரி" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்தோம். ஒருமுறைகூட அவர் மறுபடி கேட்கவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினோம், பென்ஷன் தேதியைப் பற்றிப் பேசினோம். நான் பொய் சொல்ல வேண்டிய சிரமத்தை எனக்குத் தர வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதைக் கருணை என்று அப்போது எடுத்துக்கொண்டேன். அது கருணை இல்லை. என்னிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

அடக்கத்தன்று திருச்சுழிக் கல்லறைத் தோட்டத்தில் சங்கத்திலிருந்து ஒருவரும் இல்லை. மலர் வளையம் ஒன்றை ஒரு ஆட்டோவில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீரசோழனிலிருந்து காதர் பாயின் மகன் வந்திருந்தார். "அத்தா இருந்தா வந்திருப்பாக" என்று மட்டும் சொன்னார். அடக்கம் முடிந்து திரும்பும்போது செல்வராணி என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். தலைவர் பேசினாராம். அம்மாவின் நோட்டுகளைச் சங்கத்துக்குக் கொடுத்தால், அம்மா பெயரில் ஒரு கண்ணாடி அலமாரி செய்து வைப்பார்களாம்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அம்மா எழுதுனதை ஒருக்க எடுத்துட்டுப் போனீகளே, அதை முதல்ல திருப்பிக் குடுங்கன்னேன். போனை வச்சுட்டாரு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா ஒங்களைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல சார். நல்லதும் சொன்னதில்ல, கெட்டதும் சொன்னதில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம் நடந்து முடிந்தது. பலர் கண் கலங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்கு அது எளிதில் வரும்.

எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியிருப்பது அவர் சிவப்புப் பேனாவால் திருத்திய அந்த ஒரு தாள்தான். அதை இந்தக் கட்டுரையோடு அப்படியே அச்சிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தை வைத்திருப்பவர்கள் அதை வெட்டிப் பதினேழாம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கோடு முறிந்தது முதலில். ஒருவர் பார்த்துச் சரிசெய்தார். அட்டையில் இருக்கும் பெயரை அடித்துவிட்டு ம. மரியபுஷ்பம் என்று எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நாள் இதை அச்சடிக்காமல் வைத்திருந்த தாமதம் தானாக நேர்ந்தது இல்லை. நான் செய்தது.